காப்புக் கட்டுக்கு முன் வந்தவர்: ஒரு தோட்டப் பட்டணத்து நிகழ்வு ஆய்வு

இதில் வருபவரின் வயது, குடும்ப விவரம், ஊர் அடையாளம் ஆகியவற்றில் சில மாற்றப்பட்டுள்ளன. எழுதுவதற்கு அவரும் அவர் மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு தோட்டப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் (ரப்பர்) காடு, இன்று கண்ணுக்கெட்டிய வரை செம்பனை (எண்ணெய்ப்பனை). ஒரே கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் அரசாங்க கிளினிக், தோட்டத்துக்கொரு மாரியம்மன் கோவில். ஆலோசனை அறை கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறப்போம். கீழே சாப்பாட்டுக் கடை. மாடிப்படி ஏறுகிறவரை அங்கே தேநீர் குடிக்கும் எல்லோரும் பார்ப்பார்கள்.

நான் 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டத்தின் (சட்டம் 580) கீழ்ப் பதிவு பெற்றவள். மருத்துவர் இல்லை, மருந்து எழுத முடியாது. இந்த நிகழ்வில் அது பெரிய விஷயம்.

வந்தவருக்கு 54 வயது. செம்பனை வெட்டு அவருக்கு இளவயதிலிருந்தே தொழில். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக் குலையை அறுத்து இறக்க வேண்டும். ஒரு குலை பதினைந்து, இருபது கிலோ இருக்கும். கழுத்தும் தோளும் எந்நேரமும் வலிக்கும். மனைவி அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறார். மகன் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. குடியிருப்பது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். வேலை போனால் வீடும் போகும்.

குடி இங்கே யாருக்கும் புதிதல்ல. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடத்தி, கொடுத்த கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கள்ளு குறைந்த இடத்தில் சம்சு என்ற மலிவான சாராயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைச் சொல்வதற்குக் காரணம், 'குடிகாரன்' என்று ஒருவரை அறைக்குள் கூட்டிவரும்போது, அந்தக் குடி அவர் ஒருவரால் மட்டும் வந்ததுபோலப் பேச்சு தொடங்கிவிடுகிறது.

கூட்டிவந்தவர்கள் கேட்டது

மனைவி, மகன், மனைவியின் அண்ணன் மூவரும் சேர்ந்து அவரைக் கூட்டிவந்தார்கள். மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர் கதவோரம் நின்றார்.

"நாலு நல்ல புத்தி சொல்லுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாரு" என்றார் மனைவியின் அண்ணன். அவர் குறிப்பாக ஒன்று கேட்டார்: இன்றோடு குடியை விடுகிறேன் என்று என் முன்னால் அவரைச் சத்தியம் செய்ய வைக்க வேண்டும். பத்து நாளில் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டினால் குடிக்க மாட்டார், அதையொட்டி அப்படியே விட்டுவிடலாம் என்பது குடும்பத்தின் கணக்கு.

சத்தியம் வாங்கவில்லை. மற்றவர்களைக் கீழே தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு அவரோடு மட்டும் பேசுவது என்று முடிவு செய்தேன். இதற்கு இரண்டு காரணங்கள். புத்திமதி அவருக்குப் பஞ்சமில்லை, வீட்டில் தினமும் கிடைக்கிறது. மற்றொன்று, குடிப்பவரோடு ஆலோசகர் வாதம் செய்தால் நடப்பது என்ன என்பது இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையிலும், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையிலும் அடிப்படை அதுதான். 'நிறுத்து' என்ற பக்கத்தை ஆலோசகர் எடுத்துக்கொண்டால், வந்தவருக்கு மிச்சமிருப்பது 'நிறுத்த முடியாது' என்ற பக்கம் மட்டுமே. அவர் வாயாலேயே குடிக்கு வக்காலத்து வாங்க வைத்து அனுப்புகிறோம்.

தனியாகப் பேசியபோது

முதலில் ரகசியம் பற்றிச் சொன்னேன். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டுப் போகாது, அண்ணே. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு பட்டா மட்டும்தான் வெளியே பேசுவேன். அதையும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"மண்டோருகிட்ட?" மண்டோர் என்பது தோட்டத்து மேற்பார்வையாளர்.

"அவருகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க மச்சான்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் உட்கார்ந்தார்.

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும், பாதியாகக் குறைத்த பதில். நேற்று விடிந்ததிலிருந்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார். கை நடுங்குகிறது. மனைவி தரும் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் போத்தலிலிருந்து இரண்டு மடக்கு. "அது உள்ள போனாத்தான் கை நிக்கும். கம்பு புடிக்கணும்ல?" மத்தியானம் வேலை முடிந்ததும் கொஞ்சம். ராத்திரி அரைப் போத்தல் சம்சு, தூக்கம் வருவதற்காக.

குடிப்பழக்கத்தை அளக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளையும் நிரப்பினோம். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். எட்டைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். இருபதைத் தொட்டால் உடல் மதுவைச் சார்ந்துவிட்டதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அவர் இருபதைத் தாண்டியிருந்தார். ஆனால் அந்த எண்ணைவிட விடியற்காலைக் கை நடுக்கம்தான் எனக்கு அதிகம் சொன்னது.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளையும் கேட்டேன். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. 'சில நாள்கள்' என்றார். இந்த இடத்தில் சுற்றிவளைப்பது உதவாது. தற்கொலை செய்துகொள்ள நினைத்ததுண்டா, வழி ஏதும் யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டேன். "செத்தா நல்லாருக்கும்னு தோணும், அதுக்குன்னு ஒண்ணும் செய்யத் தோணல" என்றார். வீட்டில் களைக்கொல்லி மருந்து இருக்கிறதா என்று கேட்டதற்கு, குளியலறை மூலையில் ஒரு கேன் இருப்பதாகச் சொன்னார். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை இருந்தாலும், லயத்து வீடுகளில் ஏதாவதொரு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே செய்கிறது. அன்றே அதை ஸ்டோருக்குத் திருப்பிவிட அவரே ஒத்துக்கொண்டார். அதை மனைவியிடம் நான் சொல்லவும் அனுமதி தந்தார். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 15555ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

போன வருடத்துத் திருவிழா

இந்த நிகழ்வு திரும்பிய இடம் இது. விரதத்தைப் பற்றிக் கேட்டேன். போன வருடமும் காப்புக் கட்டினாரா?

கட்டினார். அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. சாயங்காலமே வியர்வை, நடுக்கம், தூக்கமில்லை. மறுநாள் ராத்திரி கோவில் வாசலில் நின்றிருந்தவர் உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்து விழுந்தார். "சாமி வந்துருச்சின்னு பூசாரி திருநீறு போட்டாரு. எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. எந்திரிச்சப்போ வாயெல்லாம் ரத்தம்."

நாக்கைக் கடித்திருக்கிறார். நினைவில்லை. மதுவை நிறுத்தி ஏறக்குறைய ஒன்றரை நாள்.

நீண்ட நாள் குடித்தவரின் மூளை மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் தூண்டிய நிலையிலேயே வைத்துக்கொள்கிறது. மது சட்டென்று நின்றால் தூண்டல் மட்டும் மிச்சமாகிறது. நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மனம் குழம்பி, இல்லாதது கண்ணில் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக முற்றும் நிலை இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் வரக்கூடும். கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும். ஒருமுறை அப்படி வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அதாவது, கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூவரும் கேட்டபடி அன்று நான் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தால், நல்லது செய்வதாக நினைத்தே அவரை ஆபத்தில் தள்ளியிருப்போம்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் தயக்கம். 'அது சாமி இல்லை, வலிப்பு' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு நடக்கும். விழுந்ததை ஊர் முழுக்கச் சாமி வந்ததாகப் பார்த்திருக்கிறது, அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அதைப் பிடுங்குகிறேன். இரண்டாவது, அவர் மறுபடி இந்த மாடிப்படி ஏறமாட்டார். ஆகவே இப்படிச் சொன்னேன்: "சாமி வந்துச்சா இல்லையான்னு சொல்ற தகுதி எனக்கில்ல, அண்ணே. ஆனா நாக்குல ரத்தம் வந்ததையும், நெனப்பில்லாமப் போனதையும் டாக்டர் தெரிஞ்சிக்கணும். குடியை விடணும்னு முடிவு பண்ணா, டாக்டர் பார்வையில விடுங்க. நீங்களா சட்டுன்னு நிறுத்தாதீங்க. டாக்டரைப் பாக்குற வரைக்கும் இப்ப குடிக்கிற அளவைத் திடீர்னு வெட்டவும் வேணாம்."

குடிக்க வேண்டாம் என்று சொல்லக் கூட்டிவந்த இடத்தில் 'சட்டென்று நிறுத்தாதீர்கள்' என்று கேட்டதும் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப காப்பு?" என்றார்.

எடுத்த முடிவுகள்

காப்பை விடச் சொல்லக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். குடியை நிறுத்த அவருக்கு இருந்த காரணங்களில் யாரும் வெளியிலிருந்து திணிக்காத ஒன்று அந்த நேர்த்திக்கடன். மகளுக்குப் பிரசவம் நல்லபடி நடந்ததற்கு நேர்ந்துகொண்டது. ஆலோசனையில் அதைவிட வலுவான பிடிமானம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நேர்த்திக்கடன் இருக்கட்டும், நாள் கணக்கை மட்டும் மாற்ற முடியுமா என்பது கேள்வி.

பூசாரியிடம் நீங்களே பேச முடியுமா என்று மனைவி என்னிடம் கேட்டார். மறுத்தேன். நான் கோவிலுக்குப் போய் நின்றாலே கணவர் என்னிடம் வருவது ஊருக்குத் தெரிந்துவிடும். எதை, எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அறையில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தோம். கடைசியில் பூசாரியிடம் அவர் சொன்னது ஒரே வரி: "உடம்புக்கு மருந்து எடுக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து கட்டிக்கட்டுமா?" திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கட்டிக்கொள்ளலாம், மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று பூசாரி சொல்லியிருக்கிறார். இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கிளினிக் மருத்துவருக்கு அவர் சம்மதத்தோடு ஒரு கடிதம் கொடுத்தேன். தினக் குடி, விடியல் நடுக்கம், போன வருடம் நிறுத்திய இரண்டாவது நாள் நினைவிழந்து விழுந்தது, நாக்கில் காயம், தற்கொலை எண்ணம் பற்றிய பதில் ஆகியவற்றை மட்டும் எழுதினேன். மருத்துவர் அன்றே மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர் வீட்டிலிருந்தபடி நிறுத்துவதை அவரும் விரும்பவில்லை.

மருத்துவமனை என்றதும் மனைவி பயந்துபோனார். "தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்புறீங்க?" 1911இல் திறந்த அந்த மனநல மருத்துவமனைக்கு இன்று பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஆனாலும் பேராக்கில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், ஒருவரைப் பைத்தியம் என்று சொன்னதாகிவிடும். இது சாதாரண வார்டு, பக்கத்துக் கட்டிலில் சர்க்கரை நோயாளியும் காய்ச்சல்காரரும் இருப்பார்கள் என்று விளக்கிய பிறகே பை எடுத்து வைத்தார்.

மருத்துவமனைக்குப் பின்

வார்டில் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும் கொடுத்து, அந்த மருந்தை நாளுக்கு நாள் குறைத்தார்கள். இரண்டாவது ராத்திரி வியர்த்துக் கொட்டியது. வலிப்பு வரவில்லை. ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பினார். தோட்டத்தில் கொடுத்த எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாளில் மருத்துவமனையின் பெயரும் நாள்களும் மட்டுமே இருந்தன.

காப்புக் கட்டினார், ஆனால் பூக்குழியில் இறங்கவில்லை. உடம்பில் தெம்பில்லை என்று அவராகவே விறகு பிளக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு சில மாதங்கள் தொடர்ந்து வந்தார். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கேட்பதும், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும்தான் என் வேலை. ஒரு சந்திப்பை மட்டும் சொல்கிறேன். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு போட்டு, குடிக்காமல் இருப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். எட்டில் விரல் வைத்தார். முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு? இரண்டு. இந்த இடத்தில் 'ஏன் இவ்வளவு குறைவு' என்று கேட்டால் தோற்ற கதைகள்தான் வரும். "ஏன் ரெண்டு? பூஜ்யம்னு சொல்லலையே?" என்று கேட்டேன்.

நீண்ட நேரம் யோசித்தார். மகள் கல்யாணத்துக்கு முந்திய நாலு மாதம் குறைத்துக் குறைத்து, கடைசியில் தொடாமலே இருந்ததைச் சொன்னார். அதை அதுவரை யாரிடமும் ஒரு சாதனையாக அவர் சொன்னதில்லை. அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, வேலை விட்டதும் கடைத்தெரு வழியாக வராமல் ஆற்றங்கரைப் பாதையில் வந்தேன் என்றார். அதே பாதையை மறுபடி எடுத்தார். கேட்காமல் நானே யோசனை சொல்லியிருந்தால் இப்படி ஒரு பாதை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

மனச்சோர்வுக் கேள்விகளை உடனே திரும்பக் கேட்கவில்லை. மதுவே சோர்வையும் தூக்கக் கேட்டையும் உண்டாக்குவதால், குடி நின்று சில வாரம் போன பிறகு பார்ப்பதுதான் சரியான கணக்கு. அப்போது எண் பாதியாகக் குறைந்திருந்தது. சாவு பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்றார். தூக்கம் மட்டும் சரியாகவில்லை. அதைத் தோண்டியபோது உண்மையான கவலை வெளியே வந்தது: 60 வயதில் வேலை ஓய்வு, லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், போக இடமில்லை.

மனைவியோடு

மனைவிக்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன், கணவருக்குத் தெரிந்தே. குடிப்பவரின் வீட்டாரோடு செய்யும் வேலை, அவரை உளவு பார்க்கச் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. குடித்து வந்த ராத்திரியில் சண்டை போடாமல் விலகுவது, குடிக்காமல் வந்த நாளில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, அவருக்காக மண்டோரிடம் பொய் சொல்லி லீவு கேட்பதை நிறுத்துவது: இவற்றில் ஆரம்பித்தோம்.

இரண்டாவது சந்திப்பில் அந்த அக்கா வேறொன்றைச் சொன்னார். கணவருக்கு அடுத்த ஆண்டு 55. சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். அது வந்ததும் குடித்து அழித்துவிடுவார் என்ற பயத்தில்தான் இவ்வளவு அவசரமாகக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர் அண்ணனோ அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கடனாகக் கேட்டு வைத்திருந்தார். இதைக் கணவரிடம் நான் சொல்ல முடியாது, எனக்குத் தெரியாதது போல நடித்துக்கொண்டும் ஆலோசனை நடத்த முடியாது. கணவரிடம் அவரே சொல்வது என்றும், அதுவரை பணத்தைப் பற்றிய பேச்சை நான் எடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டோம். இருவரும் சேர்ந்து வந்த நாளில் அவர் சொன்னார். கணவர் கோபப்படவில்லை. "எனக்கும் அதான் பயம்" என்றார். வீட்டு முன்பணத்துக்கு என்று பணத்தைத் தனியாக வைக்கும் யோசனை அவரிடமிருந்தே வந்தது. மச்சானுக்கு என்ன பதில் என்பதை வீட்டில் பேசி முடித்துக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது.

இடையில் மண்டோர் போனில் கேட்டார், "ஆளு தேறுவானா?" என்று. அப்படி ஒருவர் வருகிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்று பதில் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பின்னால் தன் தம்பியை அனுப்பிவைத்தார்.

சறுக்கல்

ஐந்தாவது மாதம் பெரியப்பா மகன் இறந்துபோனார். கருமாதி அன்று பந்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்றும் மறுநாளும் குடித்தார். மூன்றாம் நாள் காலை, ஆலோசனை அறை திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூட்டிவரவில்லை.

அவர் எதிர்பார்த்தது திட்டு. நான் முதலில் கேட்டது கடைசியாக எப்போது குடித்தீர்கள், கை நடுங்குகிறதா என்று. மெல்லிய நடுக்கம் இருந்தது. நேரே கிளினிக்குக்கு அனுப்பினேன். மருந்தோடு வீட்டிலிருந்தே சமாளிக்க முடிந்தது. அடுத்த வாரம் கருமாதிப் பந்தலை மறுபடி பேசினோம். யார் ஊற்றினார்கள், என்ன சொல்லி ஊற்றினார்கள், வேண்டாம் என்றால் என்ன ஆகும். "மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்வது அவருக்கு வாய்க்கு வந்தது. தோட்டத்தில் மாத்திரைக்கு மரியாதை உண்டு.

இப்போதைய நிலை

ஓராண்டு முடிந்தபோது, கருமாதிக்குப் பிறகு இன்னும் ஒருமுறை தீபாவளியன்று குடித்திருந்தார். அது ஒரே நாளில் நின்றது. வேலைக்குத் தவறாமல் போகிறார். தூக்கம் பரவாயில்லை. சேமநிதிப் பணம் அவர் கணக்கிலேயே இருக்கிறது. வீடு இன்னும் அமையவில்லை. இரண்டு இடத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த திருவிழாவில் பூக்குழி இறங்கினார். அன்று கோவில் வாசலில் விழுந்தது சாமி வந்ததால்தான் என்பதில் கணவன், மனைவி இருவருக்கும் இன்றும் சந்தேகமில்லை. மருத்துவரின் குறிப்பில் அது வலிப்பு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

குடிக்காக யாரை அழைத்துவர நேரம் கேட்டாலும், போனிலேயே இரண்டு கேள்வி கேட்கிறோம்: விடியலில் கை நடுங்குமா, முன்பு நிறுத்தியபோது விழுந்ததுண்டா? ஆமாம் என்றால் ஆலோசனைக்கு முன்பே கிளினிக். தைப்பூசம், தீமிதிக் காலங்களில் இது இன்னும் அவசியம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் கட்டத்திலேயே சாவு வீடு, கருமாதி, கல்யாணம், தீபாவளி என்று குடி வரும் நாள்களை வரிசைப்படுத்தி ஒத்திகை பார்ப்பது நல்லது. இந்த நிகழ்வில் அந்தப் பேச்சு கருமாதிக்குப் பிறகுதான் நடந்தது. வீட்டாரைத் தனியாகச் சந்திப்பதை முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பணம், வீடு போன்ற காரணங்கள் அங்கேதான் முதலில் தெரிகின்றன.

மாடிப்படிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கிளினிக்கில் வாரத்தில் ஒரு பிற்பகல் ஓர் அறை தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம். அங்கே எதற்காக வந்தார் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. மருத்துவர் ஒப்புக்கொண்டார், மாவட்ட அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.